மணப்பாட்டுப் பெரியவருக்கும் கூட நின்றவர்களுக்கும்

மணப்பாடு ஊர்க்காரர்களுக்கும், அன்று ராத்திரி எங்களுக்காகக் கண்விழித்த எல்லோருக்கும் வணக்கம். மணப்பாட்டில் நங்கூரம் போட்டு நின்ற எங்கள் பாய்ப்படகு ராத்திரி அலையில் மாட்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், கொஞ்சம் கூட்டியே வந்திருக்கும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. பிள்ளைகள் சுகம். அக்காவும் அத்தானும் சுகம். படகும் தப்பித்தது.

தூத்துக்குடியிலிருந்து உவரிக்கு அத்தானின் பாய்ப்படகில் போவது என்று முடிவானபோதே, ராத்தங்க எங்கே நங்கூரம் போடுவது என்றுதான் வீட்டில் பெரிய பேச்சு. தூத்துக்குடி தீவுகள் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் வருபவை. பவளப்பாறைமேல் நங்கூரம் இறக்கும் எண்ணமே கூடாது. புன்னைக்காயலில் தாமிரபரணி முகத்துவாரம் மணல் தட்டிக் கிடக்கும். ஆறு வெளியே தள்ளும் நேரத்தில் எதிரே அலை வந்தால் அந்த வாயில் நுரையைத் தவிர வேறொன்றும் தெரியாது. திருச்செந்தூரில் முருகன் உண்டு, மறைப்பு கிடையாது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் கட்டுகிறார்களாம், அங்கே போவோம் என்று மகன் அடம்பிடித்தான். அதுவும் திறந்த கரைதான். மிஞ்சியது மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற அந்தக் குன்று தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றைத் தாங்கிக்கொள்ளும், அதற்கு வடக்கே ஒதுங்கலாம். (இதைப் படித்துவிட்டு ஐப்பசி, கார்த்திகையில் யாரும் அங்கே போய் நிற்கவேண்டாம். வாடை அடித்தால் அந்த இடம் முழுக்கத் திறப்பு.)

குன்று காற்றைத்தான் தாங்கும், கள்ளக்கடலை அல்ல. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலுக்கு, இலைகூட அசையாத இந்தக் கரையில் அலை எழும்புகிறதே, அதுதான் கள்ளக்கடல். முனையைச் சுற்றி வளைந்து உள்ளேயும் வருகிறது. சர்ஃபிங் செய்ய வருகிற பையன்கள் அந்த வளைவைத் தேடித்தான் மணப்பாட்டுக்கு வருகிறார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

அந்த அலையில் நாங்கள் தவித்த நேரத்தில்தான் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு ஃபைபர் வள்ளத்தில் பெரியவர் வந்தார். ஒரு காலத்தில் தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தவர் என்று பிறகு சொன்னார்கள். யார், எந்த ஊர் என்று ஒரு கேள்வி இல்லை. "ஏ தம்பி, இங்கன கெடக்காதிய. கீழ பாறை கெடக்கு, கயித்த அறுத்துரும். உள்ள வாங்க, மணல் இருக்கு." வாயில் ஒரு பீடி, பக்கத்தில் பெட்ரோல் கேன் இருந்ததால் பற்றவைக்காத பீடி.

உள்ளே கொண்டுபோய் நிறுத்தியபின், எங்களிடம் மிஞ்சியிருந்த கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தன் வள்ளத்திலிருந்த சுருளை எடுத்து எங்கள் கயிற்றோடு முடிந்தார். (பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறடி.) "மூணு பாகம் தண்ணி. இருவது பாகமாவது விட்டாத்தான் கயிறு தாழக் கெடந்து இழுக்கும், நங்கூரம் மணல்ல புடிக்கும். குறுக விட்டியன்னா மேல தூக்கி, தரைய உழுதுட்டே போயிரும்."

கயிற்றைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அடுத்து அவர் செய்தது. என் மகள் அம்மாவின் சேலையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நாங்கள் சொன்ன சமாதானம் எதுவும் எடுபடவில்லை. அவர் வள்ளத்தில் இருந்தபடியே, "பிள்ள, இங்க வா. குன்னு மேல கோயில் வெளக்கு தெரியுதா? அதுக்குக் கீழ ஒரு தெருவெளக்கு. ரெண்டும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா நிக்கா?" என்றார். அவள் பார்த்துத் தலையாட்டினாள். "படகு ஆடயில கொஞ்சம் வெலகும், பொறவு கூடிரும். அதுக்குப் பயப்படாத. வெலகுனது வெலகிக்கிட்டே போச்சுன்னா நங்கூரம் இழுக்குதுன்னு அர்த்தம். ஒடனே அப்பாவ எழுப்பு. ஒன்னய நம்பித்தான் நாங்க தூங்கப் போறோம்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு படகின் முன்பக்கம், அணியத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு அழுகை இல்லை. "வெலகுதுப்பா... கூடிட்டுப்பா" என்று குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அத்தானின் போனில் ஜிபிஎஸ் இருக்கிறது, படகு நகர்ந்தால் அதுவே மணியடிக்கும். பெரியவருக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. பிள்ளையிடம் அந்த வேலையைக் கொடுக்கவேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றியது என்றுதான் இன்னமும் யோசிக்கிறேன். நானாக இருந்தால் கயிற்றைக் கட்டிவிட்டுக் கரைக்குப் போயிருப்பேன். அவர் கொஞ்சம் தள்ளிப் போய் வள்ளத்தை நிறுத்தி, அப்புறம்தான் பீடியைப் பற்றவைத்தார். விடியும்வரை அங்கேயே கிடந்தார்.

பாளையங்கோட்டையிலிருந்து கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554-ஐ விடாமல் அழைத்த சித்தப்பா, விடிந்ததும் எங்களைக் கரையேற்றிய வள்ளக்காரர்கள், மாற்றுத்துணியும் கருப்பட்டிக் காப்பியும் தந்த அக்காமார், தூங்கிவிழுந்த பிள்ளைகளுக்குப் பாய் விரித்துக்கொடுத்த வீட்டார், படகை இழுக்கத் தோள் கொடுத்த பெரியதாழைப் பையன்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. தனித்தனியாகச் சொல்ல ஆசைதான், பாதிப் பேரின் முகமே இருட்டில் சரியாகத் தெரியவில்லை.

உடைந்த கப்பலின் மரத்தில் சிலுவை செய்து போர்த்துக்கீசியக் கப்பல் தலைவர் ஒருவர் அந்தக் குன்றில் நட்டார் என்பார்கள். 1581-இல் அங்கே எழும்பிய கோயிலின் விளக்கைத்தான் என் மகள் ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், இல்லை. ஆனாலும் செப்டம்பர் 14 சிலுவைத் திருவிழாவுக்கு இனி வருஷாவருஷம் வருவது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம்.

ஐயா, உங்கள் கயிறு எங்கள் மொட்டைமாடியில் உப்புப்போக அலசிக் காய்கிறது. பணம் நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள், அல்வாவுக்கும் அப்படிச் செய்யக்கூடாது. திருவிழாவுக்குக் கயிற்றோடு வந்து பார்க்கிறோம். படகில் இல்லை, பஸ்ஸில்தான். அக்கா போட்ட கண்டிஷன்.