எங்கள் படிப்பகத்துக்கு ஒரு நிரந்தர ஏற்பாடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கள் தொகுதிகளில் திறந்துவைக்கும் படிப்பகங்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். எங்கள் பகுதியிலும் அப்படி ஒன்று இருக்கிறது. திறப்பு விழா முடிந்த பிறகு அது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நாங்கள் வடசென்னையில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இருக்கிறோம். ஒரே அறை, ஒரு சமையலறை. என் மகள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தபோது, எல்லாரும் தூங்கின பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து படிப்பாள். அங்கே விளக்கு எரியாத நாளில் செல்போன் வெளிச்சம்தான். ஞாயிற்றுக்கிழமையானால் கடற்கரை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் பிடித்து, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போவாள். 2010-இல் திறந்த அந்த நூலகத்தில் உட்கார்ந்து படித்தே வேலைக்குப் போன பிள்ளைகள் எங்கள் பக்கத்திலும் உண்டு. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து போக வர மூன்று மணி நேரம் ஆகிவிடும். கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பெண்ணுக்கு அது தினமும் முடிகிற காரியமா?

எங்கள் சட்டமன்ற உறுப்பினர் குறை கேட்க வந்த அன்று, பெண்கள் நாங்கள் எல்லாரும் தண்ணீர் லாரி, அடைத்துக்கொண்ட பாதாளச் சாக்கடை என்றுதான் பேசினோம். பின்னால் நின்ற ஒரு பெண் மட்டும், "சார், படிக்க ஒரு இடம் வேணும்" என்றாள். அவர் அதைக் குறித்துக்கொண்டு போனார். சாக்கடை வேலை முதலில் நடந்தது. அப்புறம், பூட்டியே கிடந்த ஒரு பழைய கூடத்தைத் தொகுதி மேம்பாட்டு நிதியில் சீர்செய்து படிப்பகமாக்கினார். வேலை நடக்கும்போது நாலைந்து முறை அவரே வந்து பார்த்தார். ஜன்னல் சிறிதாக இருக்கிறது, காற்று வராது என்று சொல்லி மாற்ற வைத்தார். இன்றைக்கு அந்த ஜன்னலோரத்து இடத்துக்குத்தான் பிள்ளைகள் காலையிலேயே ஓடுகிறார்கள்.

ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்பது கேட்கப் பெரிய தொகையாகத் தெரியும். பல வட்டங்களுக்கு (வார்டுகளுக்கு) பிரித்தால் எந்த மூலைக்குக் காணும்? அதில் சாலைக்கும் குடிநீருக்கும் நடுவே படிப்பகத்துக்கும் பங்கு ஒதுக்கினாரே, அதற்கு நாங்கள் நன்றியோடு இருக்கிறோம்.

சரி, கட்டியாயிற்று. நடத்துவது யார்? தொகுதி நிதி, கட்டடம் போல நிலையான சொத்துகளை உருவாக்கத் தரப்படுவது. மாதாமாதம் காவலாளி சம்பளமும் கரண்ட் பில்லும் அதில் கட்ட முடியாது. காவலாளிக்கு இப்போது சட்டமன்ற உறுப்பினரே கைப்பணம் கொடுக்கிறார். குடிக்கத் தண்ணீர் கேனுக்குப் பிள்ளைகள் ஆளுக்குப் பத்து ரூபாய் போடுகிறார்கள். பெண்கள் கழிப்பறையில் குழாய் உடைந்து ஐந்து வாரம் பூட்டிக் கிடந்தது. அந்த ஐந்து வாரமும் பெண் பிள்ளைகள் மதியத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். யாரிடம் சொல்வது என்று கேட்டுப் போன இடத்திலெல்லாம், இந்தக் கட்டடம் எங்கள் கணக்கில் இல்லை என்றார்கள். கடைசியில் எங்கள் பிளாக்கில் இருக்கிற பிளம்பர் தம்பி கூலி வாங்காமல் சரிசெய்து கொடுத்தார்.

தேர்தல் வந்து உறுப்பினர் மாறினால் அந்தக் காவலாளிக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? இரவில் இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நடத்துவதற்குப் பணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் முயற்சியால் 1948-இல் இதே சென்னையில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது, வரியில் ஒரு ரூபாய்க்கு 10 பைசா வீதம். வாடகைக்கு இருக்கிறவர்களும் வாடகை வழியாக அதில் பங்கு கொடுக்கிறார்கள். நூலகத் துறையில் பகுதி நேர நூலகம் என்று ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் படிப்பகத்தை அந்தக் கணக்கில் சேர்த்தால் ஒரு நூலகரும் நாளிதழ்களும் தேர்வுப் புத்தகங்களும் தானாக வந்துவிடும். கட்டடத்தைப் பராமரிக்கும் பொறுப்பை மாநகராட்சி தன் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் எழுத்தில் உத்தரவு வேண்டும். இனி எந்தத் தொகுதியில் படிப்பகம் கட்டினாலும், திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கும் முன்பே இந்த உத்தரவு கையில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கட்டடத்தின் முகப்பில் உறுப்பினரின் பெயர் பெரிதாக இருக்கிறது. இருக்கட்டும், அவர் உழைத்த உழைப்புக்கு அது தகும். அவருடைய சொந்தப் பணத்தில் படிப்பகம் நடப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

படிக்க வருகிறவர்களிடமும் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கி மனு தயாராக வைத்திருக்கிறோம். எங்கள் வட்டத்தில் அடுத்த பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது கொடுப்போம். சட்டமன்ற உறுப்பினர் அந்த மனுவைத் தன் கையாலேயே நூலகத் துறைக்கும் மாநகராட்சிக்கும் எடுத்துப் போக வேண்டும். இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. படிப்பகம் இப்போது ஏழு மணிக்கு மூடிவிடுகிறது. என் மகள் கடையிலிருந்து வருவதே ஏழரைக்கு. இரவு பத்து வரை திறந்து வைத்தால் அவளைப் போல வேலை முடித்து வருகிறவர்களும் உட்கார்ந்து படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வடசென்னை