உன் வண்டியின் கசிவு அகப்பட்டது

சேலம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடுங்கள். தலைக்குக் குளிக்க அவசரப்பட வேண்டாம் என்று என் மனைவியும் சொல்லச் சொன்னாள்.

பதில் போட மூன்று வாரம் ஆனதற்குக் காரணம் உன் பழைய கார். சாவியை நீ என் கையில் கொடுத்துவிட்டுத் திருநெல்வேலிக்குப் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. 15 வருடம் முடிந்து ஆர்.சி.யும் புதுப்பித்தாயிற்று. ஆனாலும் எங்கள் வீட்டில் அதற்கு இன்றைக்கும் 'மாமா வண்டி' என்றுதான் பெயர். "பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடு" என்று எழுதியிருந்தாயே, அதற்கு என் மனசு ஒப்பவில்லை.

ஐப்பசி மழை பிடித்த சமயம். எஞ்சின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் திரவம், டப்பாவில் மேல்கோட்டில் இருந்தது நாலு நாளில் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தது. கால் லிட்டர் இருக்கும். ஊற்றினேன், மறுபடி இறங்கியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்த கையோடு "ஹெட் கேஸ்கெட் சார், ஹெட்டை இறக்கணும்" என்றார்கள். ஹெட் என்பது எஞ்சினின் மேல்பகுதி, கேஸ்கெட் அதற்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு. இன்னொரு இடத்தில் வாட்டர் பம்ப் என்றார்கள். இந்த எஞ்சினில் பம்ப்பைச் சுழற்றுவதே எஞ்சின் வால்வுகளை இயக்குகிற டைமிங் பெல்ட்தான், அதைத் தொட்டால் அந்தப் பக்கம் முழுக்கப் பிரிக்க வேண்டும். எங்கே ஒழுகுகிறது என்று மட்டும் இரண்டு இடத்திலும் யாரும் விரலை வைத்துக் காட்டவில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

தெருமுனைப் பெரியவர் ஒரு கரண்டி மஞ்சள் தூள் போடச் சொன்னார். நடுவழியில் நின்றால் வீடு வந்து சேர அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டையை அடைக்கிற தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

முதலில் ஹெட் கேஸ்கெட் பயத்தைத் தீர்த்துக்கொண்டேன். காலையில் குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து பார்த்தேன், குமிழி வரவில்லை. ரேடியேட்டரின் மேல் ரப்பர் ஹோஸும் வண்டியைக் கிளப்பின உடனே கல் மாதிரி இறுகவில்லை. ஆயில் மூடிக்கு அடியில் பால் மாதிரி எதுவும் படியவில்லை. டப்பா வாயில் வைத்துப் பார்க்கிற அந்த நீலத் திரவச் சோதனையும் செய்தேன். எஞ்சின் புகை கூலன்ட்டில் கலந்தால் அதன் நிறம் மாறும். மாறவில்லை. அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்து, ராத்திரி வண்டிக்கு அடியில் ஃப்ரிட்ஜ் வந்த அட்டையைப் பிரித்து விரித்தேன். மழை ஈரத்தில் சொட்டு எது, ஏசி தண்ணீர் எது என்று தரையில் தெரிவதில்லை. விடிகாலை ஐந்தரைக்கு டார்ச் அடித்தால் நட்ட நடுவில் நாலணா அகலத்துக்கு ஒரே ஒரு வட்டம். விரலில் தொட்டேன், வழுவழுப்பு, லேசான இனிப்பு வாசனை. ஏசி தண்ணீருக்கு இரண்டும் கிடையாது. பகலில் எவ்வளவு ஓட்டி நிறுத்தினாலும் அட்டை காய்ந்தே இருந்தது. சூட்டில் பிளாஸ்டிக்கும் ரப்பரும் விரிந்து வாயை மூடிக்கொள்கின்றன, மீறி வருவதும் சுடுகிற எஞ்சின் மேலேயே ஆவியாகிவிடுகிறது. ஆறிச் சுருங்கும்போதுதான் சொட்டு விழுகிறது. ஒர்க்‌ஷாப்பில் வண்டியைப் பார்த்த இரண்டு தடவையும் நான் ஓட்டிக்கொண்டு போய்ச் சூடாகத்தான் நிறுத்தியிருந்தேன்.

தெரிந்த பையனிடம் கை பம்ப் வைத்த பிரஷர் டெஸ்டர் வாங்கி வந்து, ஆறின எஞ்சினில், மூடியில் போட்டிருந்த அளவு வரை காற்று ஏற்றினேன். அந்த அளவைத் தாண்டக் கூடாது. முள் மெல்ல மெல்ல இறங்கியது. முன்பக்கம் எங்கேயும் ஈரமில்லை. எஞ்சினுக்குப் பின்னால் தலை நுழையாத இடுக்கில் சவரக் கண்ணாடியை நீட்டி, செல்போனில் வீடியோ எடுத்துப் பார்த்தேன். ஹெட்டின் பின்பக்கம் ஹோஸ்கள் வந்து மாட்டுகிற, முழங்கை மாதிரி வளைந்த பிளாஸ்டிக் எல்போவுக்கு அடியில், கல் உப்பு பூத்தது போல் இளஞ்சிவப்புத் திட்டு. அதன் ஓரத்தில் கடுகளவு ஒரு முத்து திரண்டு, நழுவி, கியர் பாக்ஸ் மேல் வழிந்து ஓடியது. விழுகிற இடத்துக்கும் கசிகிற இடத்துக்கும் ஒரு முழம் தூரம்!

அந்த எல்போவில் மாட்டியிருந்த ஹீட்டர் ஹோஸில் கிளிப் இல்லை மாப்ளே. கட்டுக்கம்பி இருந்தது. இரண்டு சுற்று சுற்றி, முனையை உள்பக்கம் மடக்கி, கை கிழிக்காதபடி. நீ கட்டியது. ஏற்காடு மலையில் கிளிப் தெறித்து ஆவி பீறிட்டதும், நீ கட்டட வேலை நடந்த இடத்தில் கம்பி கேட்டு வாங்கி வந்ததும், டீக்கடைக் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு இறங்கியதும் நினைவிருக்கிறதா? கசிவு அதில் இல்லை. உன் கம்பி இத்தனை வருடமும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. எல்போவுக்குள் இருந்த ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் காய்ந்து சப்பையாகி, பிளாஸ்டிக்கிலும் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தது.

புது எல்போ, ஓ-ரிங், ஸ்பிரிங் கிளிப் வாங்கி நானே மாற்றினேன். ஸ்குரூ கிளிப்பை விட ஸ்பிரிங் கிளிப் எனக்குப் பிடிக்கும். ரப்பர் தளர்ந்தாலும் கூடவே இறுகும். போல்ட்டைக் கை அடக்கமாகத்தான் முடுக்கினேன். அலுமினிய ஹெட், மரை போனால் போனதுதான். பழைய தண்ணீரை இறக்கினபோது துருக் கலங்கலாக வந்தது. போர் தண்ணீர் ஊற்றுகிற வழக்கத்தை நாம் இருவரும் அன்றைக்கே விட்டிருக்க வேண்டும். அலசிவிட்டு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி ஊற்றினேன். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஓடும் வரை ஐடிலில் விட்டு, ஹோஸைப் பிசைந்து காற்றை வெளியேற்றினேன். இறக்கிய பழையதை உடனே மூடிபோட்ட கேனில் அடைத்துவிட்டேன். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், நக்கினால் உயிருக்கே ஆபத்து. எங்கள் தெருவில் குட்டி போட்ட நாய் ஒன்று இருக்கிறது.

உன் இப்போதைய வண்டியில் சூடு ஏறுகிறது என்று, எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீரைத் தடுத்து வைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து திரும்பப் போடு. டீசல் எஞ்சின் தன் சூட்டுக்கு வராமலே ஓடினால் மைலேஜும் போகும், கரியும் கட்டும். சூடு ஏறுவதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது, முதலில் ரேடியேட்டர் மூடியைப் பார். ஒரு 'பார்' (bar) அளவு அழுத்தம் தாங்குகிற மூடி இருந்தால் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் செத்துப்போனால் 100லேயே பொங்கிவிடும்.

அட்டையை இன்னும் எடுக்கவில்லை. மாற்றிய நாளிலிருந்து தினமும் காலையில் பல் விளக்கும் முன் குனிந்து பார்க்கிறேன், காய்ந்தே கிடக்கிறது. கம்பியை டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குக் கண்ணாடி போட்டதும் எழுது, கூட்டிக்கொண்டு வரத் திருநெல்வேலிக்கு அந்த வண்டியிலேயே வருகிறேன்.

என்றும் உன்,
மாப்ளே