மணலை நாங்கள் தின்னவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் புதுச்சேரி கடற்கரைச் சாலை பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. நடுவில் ஒரு வரி: "கடலையே கண்டிராத மேற்கு மாவட்டத்தார் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவதால் கடற்கரையின் அழகே கெடுகிறது." கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கமும் உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம் என்பது கட்டுரையாளருக்குத் தெரியாவிட்டாலும் தங்களுக்குத் தெரியும்.

அழகு கெட்ட கதையும் தாங்கள் அறியாததல்ல. அச்சிடத்தான் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே போகும். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல்சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். மணல் தெற்கிலேயே தேங்கிவிட்டது. நகரத்துக்கு முன்னால் இருந்ததைக் கடல் வாரிக்கொண்டு போனது. சாலையும் சேர்ந்து போய்விடக் கூடாதே என்று பாறாங்கற்களைக் கொட்டி வைத்தார்கள். அண்மைக் காலத்தில்தான் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் எஃகுக் கட்டுமானம் ஒன்றை இறக்கி, கொஞ்சம் மணலைத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். இதில் கோபிசெட்டிபாளையத்து பஸ் எங்கே குறுக்கே வந்தது?

என் அம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது. கடலில் கால் நனைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சாயங்காலம் காந்தி சிலையருகே சுவரில் உட்கார வைத்தேன். கீழே எட்டிப் பார்த்தார். கறுத்த பாறைகள், இடுக்குகளில் நுரை, ஒரு ஒற்றைச் செருப்பு. "கடலுக்கு என்று சொல்லிக் கல்குவாரிக்குக் கூட்டிவந்திருக்கிறாயே, அப்புனு" என்றார். மறுநாள் விடிந்ததும் மணல் உள்ள பக்கம் கைப்பிடித்து அழைத்துப் போனேன். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி வைத்தார்; கணுக்கால் நனைவதற்குள் விசில். காவலுக்கு நின்றவர் மீது எனக்குக் கோபமில்லை, ஆட்களை அலை இழுத்துப் போன இடம் அது. அம்மாதான் பாவம், ஏதோ திருடியவர் போலப் பதறிக் கரையேறினார். தலையில் தெளித்துக்கொள்ள ஒரு கை தண்ணீர்கூட எடுக்கவில்லை. இவர்தான் உங்கள் கட்டுரைப்படி கடற்கரையின் அழகைக் கெடுத்தவர்.

தங்கிய விடுதியில் 'கடல் தெரியும் அறை' என்று கூடுதல் வாடகை வாங்கினார்கள். தெரிந்தது, குளியலறை ஜன்னலில் எக்கி நின்றால். அதையும் எழுதுங்கள் என்றால் எழுத மாட்டீர்கள். விளம்பரம் தருபவர்கள் அவர்கள்தானே.

காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களே செஞ்சியிலிருந்து வந்தவை என்கிறார்கள். கடற்கரையில் பாண்டிச்சேரி என்று எழுதி விற்கும் பனியன் ஒன்றின் கழுத்தைப் புரட்டிப் பார்த்தேன், திருப்பூர் என்று இருந்தது. பனியன் வரலாம், தைத்தவன் வரக் கூடாதாக்கும்!

விடுமுறை நாட்களில் எங்கள் கொடிவேரி அணைக்கு வந்து பாருங்கள். பி.ஒய். என்று தொடங்கும் புதுச்சேரி எண் பலகையோடு கார்கள் நிற்கும். அருவியில் குளிக்கிறார்கள், மீன் வறுவல் தின்கிறார்கள், சந்தோஷமாகப் போகிறார்கள். பாட்டில்களைப் பொறுக்குவது நாங்கள். கடலோரத்தார் வந்து பவானி ஆற்றைக் கெடுத்தார்கள் என்று எங்களில் யாரும் இதுவரை கட்டுரை எழுதியதில்லை. உள்ளூர்க்காரனும் பாட்டில் போடுகிறான் என்பது எங்களுக்குத் தெரியும்.

மேற்கு என்றாலே உங்கள் அலுவலகத்தில் ஏனோ கண் மங்கிவிடுகிறது. சென்ற ஆண்டு பவானிசாகர் அணையை நீலகிரி மாவட்டத்தில் வைத்து ஒரு செய்தி போட்டீர்கள். பணிவாகக் கடிதம் எழுதினேன். திருத்தம் வரவில்லை. அணை இன்னமும் ஈரோடு மாவட்டத்திலேயேதான் இருக்கிறது. ஆடிப்பெருக்குக்கு, பவானி ஆறு காவிரியில் கலக்கும் கூடுதுறையில் திரளும் கூட்டத்துக்கு உள்பக்கத்தில் கட்டைவிரல் அளவு படம். புதுச்சேரியில் காபிக்கும் பிரெஞ்சு ரொட்டிக்கும் அரைப் பக்கம்.

மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கோரிக்கை. அடுத்த முறை எந்தக் கடற்கரையைப் பற்றி எழுதினாலும், ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள்: பொதுக் கழிப்பறை எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திறப்பார்கள், வயதானவர்கள் பயமில்லாமல் கால் நனைக்க எந்த இடம். முழங்கால் வலிக்கிற அம்மாவை வைத்துக்கொண்டு அந்தச் சாலையில் கழிப்பறைக்கு வழி கேட்டபோது ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைக் காட்டினார்கள். பெட்டியில் இரண்டு வரி மிச்சமிருந்தால் பவானிசாகர் திருத்தத்தையும் அதிலேயே போட்டுவிடலாம்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
கோபிசெட்டிபாளையம்.