பாரிமுனைப் பெரியவருக்கு நன்றி

இஸ்லாத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று 2018 ரமலானில் வீட்டில் சொன்னேன். அன்றிரவே துணிப்பையுடன் திருவல்லிக்கேணித் தெருவில் நின்றேன். முந்தைய ஆண்டு மார்ச்சில் கோவையில் இறைமறுப்பாளர் ஃபாரூக் கொல்லப்பட்டது மனத்தை விட்டு அகலாததால், அத்தாவின் கோபத்தைவிட வெளியாரின் கோபத்துக்கே அதிகம் அஞ்சினேன்.

மறுநாள் உயர் நீதிமன்றத்துக்கு அருகே தட்டச்சுக் கடை வைத்திருந்த பெரியவர், நெற்றியில் தொழுகைத் தழும்பு உள்ளவர், தாம் நோன்பிருந்தும் எனக்குத் தேநீர் வரவழைத்தார். (அதைக் குடிக்க நான்தான் கூசினேன்.) மதத்தைத் துறந்ததற்காக ஒருவரின் சொத்துரிமையையோ வாரிசுரிமையையோ பறிக்கும் எந்தச் சட்டமும் வழக்கமும் செல்லாது என்று 1850ஆம் ஆண்டின் சாதிக் குறைபாடுகள் நீக்கச் சட்டம் கூறுவதையும், மனச்சான்றுச் சுதந்திரத்தை அரசமைப்பின் 25ஆவது பிரிவு காப்பதையும் பொறுமையாக விளக்கிவிட்டு, "சொத்து கிடக்கட்டும், முதலில் உம்மாவுக்குப் போன் போடுங்க தம்பி" என்றார். என்னைத் திருத்த ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

இப்போது பெருநாள்தோறும் உம்மா பிரியாணி கொடுத்தனுப்புகிறார். அத்தா இன்னும் பேசவில்லை. சென்ற மாதம் போனபோது அந்த இடத்தில் கைப்பேசி உறைகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். பாய், உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன், மிக்க நன்றி.