மாமாவுக்கு முடியாம போனப்ப கூட நின்ன எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். தனித்தனியா போன் பண்ணி சொல்லலாம்னு தான் இருந்தேன், ஆள் கணக்கு போட்டா முடியற மாதிரி தெரியல, அதான் இங்கயே எழுதறேன். மாமா (என் வீட்டுக்காரரோட அப்பா) ஆஸ்பத்திரில இருந்து டிஸ்சார்ஜ் ஆகி வந்துட்டாங்க, இடது கை இன்னும் சரியா வரல, பிசியோ போகுது, வாய் மட்டும் பழைய ஹவில்தார் வாய் அப்படியே இருக்கு.

எங்க கம்மவான்பேட்டைய ராணுவப்பேட்டைன்னு சொல்றது வேலூர் பக்கம் தெரியாதவங்க கம்மி. அதனாலயே மிலிட்டரிக்காரன் பொண்டாட்டின்னா அழக்கூடாது, தைரியமா இருக்கணும்னு ஆளாளுக்கு சொல்லுவாங்க. அத கேட்டு கேட்டு சலிச்சு போச்சு. நான் நன்றி சொல்றது அத சொல்லாம வேலைய பார்த்தவங்களுக்கு.

மாமாவுக்கு பக்கவாதம் வந்த ராத்திரி என் வீட்டுக்காரர் சியாச்சின் பனிமலைல மேல போஸ்ட்ல இருந்தார். அங்கேருந்து அவரா கூப்பிட்டா தான் பேச்சு. விஷயம் போய் சேர்ந்தாலும் உடனே கிளம்பற இடமா அது, வானம் தெளிஞ்சா தான் ஹெலிகாப்டர், இல்லன்னா பனியில நடந்து பேஸ் கேம்ப் இறங்கி அப்புறம் லே, அப்புறம் டெல்லி.

சுபேதார் ஐயா, நீங்க இல்லன்னா அன்னைக்கு நகைய அடகு வச்சிருப்பேன். கவுண்டர்ல அட்வான்ஸ் கட்டுங்கன்னு நின்னாங்க. நீங்க தான் சத்தமே போடாம, எமர்ஜென்சிக்கு இ.சி.எச்.எஸ். (ரிட்டயர்டான மிலிட்டரிக்காரங்க குடும்பத்துக்கான மருத்துவ திட்டம்) பாலிகிளினிக் ரெஃபரல் லெட்டர் வேணாம், அந்த திட்டத்து லிஸ்ட்ல இருக்கற ஆஸ்பத்திரி கார்ட பார்த்து நேரா சேர்க்கணும், பாலிகிளினிக்குக்கு தகவல் சொல்றதும் உங்க வேலைன்னு எடுத்து சொன்னீங்க. (இத படிக்கற பென்ஷன் வீட்டுக்காரங்க எல்லாம் கார்ட பீரோல பூட்டி வைக்காதீங்க, போட்டோ எடுத்து வீட்ல எல்லார் போன்லயும் போட்டு வைங்க.)

யூனிட் கிளார்க் பையா, உங்க ஹிந்தி எனக்கு பாதி, என் ஹிந்தி உங்களுக்கு கால்வாசி தான் புரிஞ்சுது. ஆனா மெசேஜ் மேல போயிடுச்சுன்னு சொல்றதோட விடாம, லீவு பேப்பர் எங்க நிக்குது, அவர் எங்க வந்துட்டார்னு தினமும் கூப்பிட்டு சொன்னீங்களே, அது இருந்ததால தான் நான் ரெண்டு வாய் சாப்பிட்டேன்.

எதிர்வீட்டு அக்கா, ஆஸ்பத்திரில இருந்த நாள் பூரா எங்க மாட்ட கறந்து சொசைட்டில ஊத்தி கணக்கையும் நோட்ல எழுதி வச்சிருக்கீங்க, கேட்டா இது ஒரு வேலையான்றீங்க. வேலை தான்க்கா.

சின்னவன் கிளாஸ் டீச்சருக்கு எப்படி சொல்றதுன்னே தெரியல. தாத்தா மாதிரி அப்பாவும் அங்க விழுந்துட்டா யாரு தூக்குவாங்கன்னு அவன் ராத்திரி எல்லாம் தூங்காம கேட்டுட்டு இருந்தான். அப்பாக்கு ஒண்ணும் ஆகாதுடான்னு எல்லாரும் சொல்லி பார்த்தோம், அவன் நம்பல. டீச்சர் மட்டும் சியாச்சின்ல இருந்துட்டு வந்த நம்ம ஊர் அண்ணன் ஒருத்தர கூட்டிட்டு வந்து உக்கார வச்சாங்க. ஒருத்தர ஒருத்தர் கயித்துல கட்டிக்கிட்டு தான் நடப்பாங்க, டாக்டர் இருக்காரு, ஆக்சிஜன் இருக்குன்னு அவர் படம் போட்டு காமிச்சார். அன்னைக்கு தான் தூங்கினான்.

அடுத்த வாரம் இவர் வந்துடறார். எல்லாரும் வீட்டுக்கு சாப்பிட வரணும். மிலிட்டரி கேண்டீன்ல என்ன வாங்கலாம்னு இப்பவே லிஸ்ட் அனுப்பறவங்க அவர்கிட்டயே பேசிக்கோங்க, எனக்கு அதுல சம்பந்தம் இல்ல.