ஜவுளிக்கடையில் போட்ட பணம்

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. ஜவுளிக்கடை முதலாளி இறந்துபோய்விட்டார் என்பதை இன்னும் மனசு ஏற்கவில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் கல்லாவை விட்டு எழுந்து வந்து காபி வாங்கிவரச் சொல்வாரே! மாதம் தவறாமல் வட்டி கொடுத்த மனிதர். அவரை நம்பி ரிட்டயர்மென்ட் பணத்தைக் கொடுத்ததற்காக உன்னை யாரும் குறை சொல்ல முடியாது.

பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று எழுதியிருந்தாய். சரி. அதற்கு மேல் தள்ளாதே. முதலில், பணம் கொடுத்ததற்கு அவர் எழுதித் தந்த சீட்டில் உள்ள தேதியைப் பார். கடன் என்றால் வழக்குப் போட, கொடுத்த நாளிலிருந்து 3 வருஷம்தான் கெடு. கேட்டதும் தரவேண்டிய டெபாசிட் என்றால் கேட்ட நாளிலிருந்து 3 வருஷம். வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு இது கடன்தான் என்று சாதிக்கும். ஆகவே கொடுத்த நாளையே கணக்கில் வை. அந்தக் கெடுவுக்குள், இவ்வளவு பாக்கி இருக்கிறது என்று தேதி போட்டு எழுதி வாரிசுகளிடம் கையெழுத்து வாங்கிவிட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 வருஷம் கிடைக்கும். முதலாளியின் சம்சாரம், பையன்கள், கட்டிக்கொடுத்த பெண் எல்லாரும் போடவேண்டும். பெண்ணை மறந்துவிடாதே, அவளுக்கும் சொத்தில் பங்கு உண்டு.

"அப்பா வாங்கியதற்கு நாங்கள் பொறுப்பா?" என்று அவருடைய பெரிய பையன் கேட்டதாக எழுதியிருந்தாய். அவன் சம்பாத்தியத்தில் நாம் கைவைக்க முடியாது. ஆனால் அப்பா விட்டுப்போன வீடு, பேங்க் இருப்பு, கடைக்காகக் கட்டிட உரிமையாளரிடம் கொடுத்த அட்வான்ஸ் எல்லாம் கடனுக்குக் கட்டுப்பட்டவை. கடைச் சரக்கை மட்டும் நம்பாதே, அதன் பேரில் பேங்க்கில் ஓ.டி. கடன் இருந்தால் அவர்கள்தான் முதலில் எடுப்பார்கள். வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார். கூட்டுக்கடை என்றால் மிச்சமுள்ள பார்ட்னரையும் கேட்கலாம்.

உன்னைப்போல் நிறையப் பேர் பணம் போட்டிருந்தால் விஷயம் வேறு. டெபாசிட் போட்டவர்களைப் பாதுகாக்க 1997-இல் வந்த டான்பிட் சட்டத்தின்படி போலீஸின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். ஆனால் சொத்தை முடக்கிப் பங்கு பிரித்துக் கைக்கு வர வருஷக்கணக்காகும். உங்கள் ஊரில் பேசித் தீர்க்க வழியிருந்தால் பேச்சே மேல். பேசியதை மட்டும் எழுத்தில் வாங்கு. தவணையாகத் தருகிறேன் என்றாலும் ஒத்துக்கொள். அந்தக் குடும்பமும் இடிந்துபோய்த்தான் கிடக்கும்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் தங்கச்சிக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

என் தங்கச்சியிடம், ராத்திரி கண்விழித்துக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். சீட்டின் இரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. ஒரிஜினலை யார் கேட்டாலும் கொடுக்காதே. வக்கீல் நோட்டீஸ் விடுவதானால் சொல், நானும் கிளம்பி வருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்