குடியேறியவர்களும் ஊரின் வரவு செலவில் பங்காளிகளே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர் முதலில் சந்திக்கும் அரசு, தலைநகரில் இருப்பதன்று. குடிநீர் இணைப்புக்கும் பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்கும் அவர் ஏறி இறங்கும் உள்ளாட்சி அலுவலகமே. அத்தகைய ஓர் அலுவலகத்தில், பத்து வயதுகூட நிரம்பாத சிறுமி ஒருத்தி, தாயின் நோயைப் பற்றி அதிகாரி கேட்ட கேள்விகளை மொழிபெயர்க்க முடியாமல் தலைகுனிந்து நின்றதை நான் நேரில் கண்டேன். அந்தச் சுமை ஒரு குழந்தையின் தோளில் ஏறவே கூடாது. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியிலாவது அமர்த்துவது உள்ளாட்சியின் கடமை. அது சலுகை அன்று.

நியூயார்க் மாநகராட்சி 2015-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய நகர அடையாள அட்டை, விண்ணப்பிப்பவரின் குடியேற்ற நிலையைக் கேட்காமலேயே வழங்கப்படுவதால், ஆவணமில்லாதவரும் அச்சமின்றி நகரச் சேவைகளை நாட முடிகிறது. ஸ்வீடனோ இன்னும் ஒரு படி மேலே சென்று, குடியுரிமை பெறாத வெளிநாட்டவரும் 3 ஆண்டுகள் பதிவுபெற்று வசித்திருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்ற உரிமையை 1976 தேர்தல் முதலே நடைமுறைப்படுத்தியது. அயர்லாந்திலும் உள்ளாட்சி வாக்குரிமைக்குக் குடியுரிமை தேவையில்லை.

குடியேறியவர்களின் பண்பாட்டு விழாவுக்கு மேடை அமைத்துக் கொடுப்பதோடு பல உள்ளாட்சி மன்றங்கள் நின்றுவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. விழா வேண்டாம் என்பதல்ல என் வாதம். வரி செலுத்தும் அவர்களை வரவு செலவுத் திட்டம் விவாதிக்கப்படும் கூட்டத்துக்கும் அழைத்து, அவர்கள் மொழியிலேயே பேச வழிசெய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்